கரண்டியியல்: செங்கைக் கரையோரத்திலிருந்து ஒரு முன்னாய்வு

காதலைத் தெரிவிக்க உலகில் எத்தனையோ வழி இருக்க, பிரிட்டனின் மேற்கோரத்தில் வேல்ஸ் நாட்டு இளைஞர்கள் கரண்டி செதுக்கினார்கள். கையில் ஒரே மரக்கட்டை, ஒரு கத்தி. வெளியே முடிவில்லாத குளிர்கால இரவு. பெண் கரண்டியை வாங்கிக்கொண்டால் மேற்கொண்டு பேச இடமுண்டு. கார்டிஃப் அருகே செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667 என்று ஆண்டு பொறித்த கரண்டி ஒன்று இன்றும் இருக்கிறது. இந்த வகைக் கரண்டிகளின் பிடியில் இதயம், சாவி, சக்கரம், சங்கிலி, கூண்டுக்குள் உருளும் உருண்டை என்று என்னென்னவோ தொங்கும். குழம்பு ஊற்ற உதவாது. சுவரில் மாட்டலாம்.

இதுவரை உலகம் அறிந்தது. இக்கட்டுரை நிறுவ வந்தது வேறு. காதல் கரண்டியின் எல்லா உறுப்புகளும் செங்கல்பட்டு வட்டாரத்தில் வேல்ஸ்காரரை எதிர்பாராமலே இருந்துவந்திருக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் சங்கிலி. ஒட்டில்லாமல், ஒரே கட்டையிலிருந்து வளையத்துக்குள் வளையமாக எடுப்பது வேல்ஸ்காரரின் பெருமை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் மூலைகளில் அண்ணாந்து பாருங்கள். ஒரே கல்லில் எடுத்த சங்கிலி தொங்குகிறது. விஜயநகர காலம், 16ஆம் நூற்றாண்டு. 1667இலிருந்து கழித்தால் ஏறத்தாழ நூறாண்டு நமக்கு முன்னிலை. அதிலும் மரத்தில் கை தவறினால் வேறு கட்டை எடுத்துக்கொள்ளலாம். மண்டபத்துக் கல்லில் கடைசி வளையம் தெறித்தால் ஸ்தபதி முகத்தில் எப்படி விழிப்பது?

இங்கே நிர்வாகச் சிக்கல் ஒன்று குறுக்கிடுகிறது. காஞ்சிபுரம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 2019 நவம்பரில் செங்கல்பட்டைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது சங்கிலி அந்தப் பக்கம் போய்விட்டது. மாமல்லபுரம் இந்தப் பக்கம் வந்தது. ஆராய்ச்சி வருவாய்த் துறை எல்லைக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால் சங்கிலியை இக்கட்டுரை மறுபடி எடுத்துக்கொள்கிறது.

அடுத்து உருண்டை. நம் கோயில் தூண்களில் பல இடங்களில் யாளியின் வாய்க்குள் கல்லுருண்டை கிடக்கும். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க வராது. கரண்டிப் பிடியின் கூண்டும் இதே சூட்சுமம்தான். சதுரக் கட்டையின் நான்கு மூலைகளையும் கம்பிகளாக விட்டுவிட்டு, நான்கு பக்கமும் துளைத்து நடுமரத்தை எடுக்க வேண்டும். உள்ளே மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு ஒரு கட்டி நிற்கும். அதன் முனைகளைக் கம்பிகளின் இடுக்கு வழியாகவே கத்தி நுனியை விட்டுச் சீவிச் சீவி உருட்ட வேண்டும். இரண்டு ஒட்டும் அறுபடுகிற நொடியில் கட்டி 'டக்'கென்று விடுபட்டுக் கூண்டுக்குள் உருளும். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் சீவினால் உருண்டை இடுக்கு வழியே நழுவிக் கட்டிலுக்கடியில் ஓடிவிடும். வேல்ஸ் உரைகாரர்களின்படி எத்தனை உருண்டையோ அத்தனை குழந்தைக்கு ஆசை என்று பொருள். குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணத்தைச் சுவரெங்கும் பார்த்து வளர்ந்த தலைமுறை இரண்டுக்கு மேல் செதுக்கத் தயங்கும்.

எதிர்வாதி இப்போது எழுந்து, 'சங்கிலி சரி, உருண்டை சரி, குழி எங்கே? கரண்டி என்றால் மொள்ள வேண்டாமா?' என்பார். குழி கொட்டாங்குச்சியில் இருக்கிறது. தேங்காயை உடைத்துக் கண் இல்லாத பாதியை எடுத்து, கண்ணாடிச் சில்லால் நார் போகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவினால் கறுப்பாக மின்னும். விளிம்புக்குக் கீழே எதிரெதிராக இரண்டு துளை; மூங்கில் குச்சியைச் செருகினால் அகப்பை. கை சுடாது, மண்சட்டியைக் கீறாது. கண் உள்ள பாதியில் செய்தால் ரசம் அடுப்புக்கும் இலைக்கும் நடுவிலேயே தீர்ந்துவிடும். அழகு, பயன் இரண்டும் இதில் உண்டு. காதல் மட்டும்தான் இல்லை, ஏனென்றால் இதைச் செய்பவர் பெரும்பாலும் தாத்தா.

பெயரும் தேதியும் பாத்திரக் கடையில் கிடைக்கின்றன. சீர்வரிசை எவர்சில்வரைத் திருப்பிப் பார்த்தால் கொடுத்தவர் பெயர், முதலெழுத்து, கல்யாணத் தேதி எல்லாம் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குக்கூடப் புள்ளி வைக்க மாட்டார்கள். எவர்சில்வரில் எழுத்து முழுக்கப் புள்ளிதான். எழுத்தியல் அறிஞர்கள் இதைக் கவனிக்காதது வருத்தத்துக்குரியது. ஆனால் குடத்தில் இருப்பது மாப்பிள்ளையின் பெயரல்ல, தாய்மாமன் பெயர். 1667ஆம் ஆண்டுக் கரண்டி காதலுக்குச் சாட்சி; நம் குடம் யார் என்ன செய்தார்கள் என்பதற்குச் சாட்சி. பிற்காலச் சண்டைகளில் நம் ஆவணமே அதிகம் பயன்படுகிறது.

ஆக, குழி அடுக்களையில், சங்கிலியும் உருண்டையும் கோயிலில், பெயர் கடைத்தெருவில். எல்லாவற்றையும் ஒரே கட்டையில் சேர்க்க இக்கட்டுரையாளர் துணிந்தார். மாமல்லபுரத்துக்காரர் மரத்தில் கை வைப்பது முறையா என்று கேட்கலாம். 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இங்கே இருக்கிறது, 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீடு கல்லுக்குத்தான், கரண்டிக்கு அல்ல. ஆனால் ஐந்து ரதங்களை நின்று பாருங்கள். 7ஆம் நூற்றாண்டில் மரக் கட்டடங்களைப் பார்த்துக் கல்லில் வெட்டியவை அவை. திரௌபதி ரதம் அச்சு அசல் கூரைக் குடிசை. எனவே கல்லைப் பார்த்து மரத்தில் செதுக்குவது பழைய கடனைத் திருப்புவதுதான்.

எந்த மரம்? வேம்பு பாயசத்தைக் கசக்கவைக்குமோ என்று வீட்டில் சந்தேகம். கரையெல்லாம் நிற்கும் சவுக்கு உளியோடு மல்லுக்கட்டி, கடைசியில் விறகாகும். செம்மரத்தில் செதுக்கினால் காதலுக்கு முன் வனத்துறை பதில் சொல்லும். மிஞ்சியது பூவரசு. ஹவாய்த் தீவுக்காரர்கள் இதே மரத்தில்தான் உணவுக் கிண்ணம் குடைந்தார்கள், உணவில் மரவாடை ஏறாது என்பதால். இலையும் இதய வடிவம். இதைவிடச் சான்று வேண்டுமா?

கரண்டி முடிந்தது. பிடியின் உச்சியில் இருப்பது இதயமா வெற்றிலையா என்பதில் இன்னும் கருத்தொற்றுமை இல்லை. கடற்கரைப் பாறையில் தவம் செய்பவர் அர்ஜுனனா பகீரதனா என்பதே தீராதபோது இதை அவசரப்படுத்துவது நியாயமல்ல. மாமியார் சங்கிலியைத் தூக்கிப் பார்த்து, "சங்கிலின்னா பவுன்ல போடுவாங்க மாப்பிள்ளை, நீங்க மரத்துல போட்டிருக்கீங்க" என்றார். இந்த விளக்கம் வேல்ஸ் உரைகளில் இல்லை, சேர்க்கத் தகுந்தது.

கள ஆய்வு வத்தக்குழம்பில் நடந்தது. மொள்ளும் திறன் திருப்திகரம். ஆனால் புளிக்கரைசல் கூண்டுக்குள் புகுந்தது, கறிவேப்பிலை கம்பியிடுக்கில் சிக்கியது, உருண்டை வீங்கி உருள மறுத்தது. மனைவி கரண்டியைக் குழாயடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாருங்க தேய்க்கிறது?"

வேல்ஸ் கரண்டி ஏன் சுவரில் மாட்டியிருக்கிறது என்பதற்கு அறிஞர்கள் அழகியல் காரணம் சொல்வார்கள். இந்தக் கேள்வியை அவர்கள் ஆராயவேண்டும். செதுக்கியவரே தேய்ப்பதாக அன்றைக்கே ஒப்பந்தமாயிற்று. பல் துலக்கும் பழைய பிரஷ் ஒன்று இதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது.

ஆய்வின் அடுத்த கட்டம் மோர் மத்து. பூவரசங்கட்டை வாங்கி மாடியில் வைத்தாயிற்று. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.