புறாமலைக்கு நேரெதிரே

எங்கள் சிறுவயதில் திருகோணமலை பஸ் நிலையத்தில் ஏறி "பீச் ஹோட்டல்" என்று சொன்னால் போதும், கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துத் தருவார். நிலாவெளியில் இருந்தது ஒன்றுதான். இன்று அதே பஸ்ஸில் அதே சொல்லைச் சொன்னால் "எந்த பீச் ஹோட்டல்?" என்று கேட்கிறார். கேட்பதும் நியாயம்தான். புல்மோட்டை வீதியில் உப்புவெளி தொடங்கிக் குச்சவெளி வரைக்கும் வலப்பக்கமெல்லாம் ஹோட்டல் பலகைகள்.

அந்தப் பழைய நிலாவெளி பீச் ஹோட்டல் எழுபதுகளில் வந்தது. இலங்கைச் சுற்றுலாச் சபை 1966இல் அமைந்து, அடுத்த ஆண்டே பத்தாண்டுத் திட்டம் ஒன்று தயாரானபோது, கடலோரம் என்றால் தெற்கும் மேற்கும் மட்டும் போதாது, கிழக்கும் வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்குக் காரணம் காற்று. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் ஹிக்கடுவவிலும் பெந்தோட்டையிலும் கடலில் கால்வைக்க முடியாது. அதே நாட்களில் எங்கள் பக்கம் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலை தணிந்து, தண்ணீர் அடிமணல் தெரியக் கிடக்கும். நவம்பரில் வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகும். எங்கள் கடல் கறுத்துக் குமுறும்போது அவர்களுக்குச் சீசன். ஆக, ஒரே தீவின் இரண்டு கரைகளும் ஒன்றுக்கொன்று போட்டியாக இருக்கத் தேவையே இருக்கவில்லை. வருடத்தை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள இயற்கையே வழி செய்திருந்தது.

ஹோட்டல் வந்தபிறகு ஊரில் பல வீடுகளுக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்று முதன்முதலாக வந்தது. என் மாமா ஒருவர் விருந்தினருக்குச் சமைக்கும் வேலையில் இருந்தார். வீட்டில் பாரைமீன் குழம்புக்குக் கைநிறைய மிளகாய்த்தூள் அள்ளிப்போடும் மனிதர், வேலையில் அதே மீனுக்கு உப்பும் எலுமிச்சம்புளியும் மட்டும் தடவிச் சுடப் பழகிக்கொண்டார். ஜெர்மன்காரர் அதிகம் வந்த காலம் அது. "குட்டன் மோர்கன்" எங்கள் தெருவில் குழந்தைகளுக்கும் தெரியும். நாங்கள் பையன்கள் சோகியும் சங்கும் பொறுக்கி, உவர்மணலில் புதைத்து நாற்றம் போக்கி, தேங்காயெண்ணெய் தடவி மினுக்கி விற்போம். அந்தச் சங்குகளை அள்ளியதால் கடலுக்கு என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர அன்று ஊரில் ஒருவரும் இல்லை.

மாமா அடிக்கடி சொல்வார்: "மருமோன், வெள்ளைக்காரன் ரூமுக்காக வாறதில்ல. கட்டிலும் மெத்தையும் அவன்ர ஊரிலயும் இருக்கு. அவன் அந்தக் கல்லுக்கும் இந்தத் தண்ணிக்கும்தான் வாறான்." கல் என்று அவர் கைகாட்டியது புறாமலையை. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில், பெரியதும் சிறியதுமாக இரண்டு பாறைத் தீவுகள். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடுகட்டிக் குஞ்சுபொரிக்கும் இடம். 1963இலேயே சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. நீருக்கடியில் நூறு வகைக்குக் கிட்டப் பவளம், முந்நூறு வகைக்குக் கிட்ட மீன், யாரையும் சீண்டாமல் ஆழமற்ற நீரில் சுற்றிவரும் கறுப்புமுனைச் சுறாக்கள். ஹோட்டல் அதற்கு நேரெதிரே அமைந்ததுதான் அதன் உண்மையான செல்வம் என்பதை மாமா அன்றே கண்டிருந்தார்.

1982இல் இலங்கைக்கு வந்த பயணிகள் 407,230 பேர். மறுவருடம் ஜூலை. ஜூலை எங்களுக்கு நட்டநடுச் சீசன். கலவரச் செய்தி வந்த கிழமையே அறைகள் காலியாயின. அந்த எண்ணிக்கையை நாடு மறுபடி பிடிக்கப் பல வருடங்கள் ஆயின. கிழக்குக்கு அதைவிட அதிகம். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபோது ஊரே கலைந்தது. முகாமுக்குப் போனவர்கள் உண்டு, மன்னார் வழியாகப் படகேறி மண்டபம் சேர்ந்தவர்கள் உண்டு, காட்டோரத்தில் நாட்களைக் கழித்தவர்களும் உண்டு. திரும்பி வந்தவர்களுக்குக் கடலில் இறங்க அனுமதி, வீதியில் போக அனுமதி, எல்லாவற்றுக்கும் அடையாள அட்டை. அந்த வருடங்களைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை வேறு கட்டுரையாகிவிடும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். புல்மோட்டை வீதியில் காவலரண்கள் வரிசையாக இருந்த காலத்திலும் அந்த ஹோட்டலின் பெயர்ப்பலகை அங்கேயே நின்றது. எங்களுக்கு அது, ஒருநாள் பழைய சீசன் திரும்பும் என்பதற்கு ஒரு நம்பிக்கையாக இருந்தது.

2004 டிசம்பர் 26 பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் ஊருக்குள் வந்தது. ஹோட்டல் கட்டடங்கள் பலத்த சேதமடைந்தன. அதைச் சுற்றியிருந்த மீனவர் வாடிகளும் வீடுகளும் இருந்த இடம் தெரியாமல் போயின. அன்று விருந்தினரும் ஊராரும் ஒன்றாகத்தான் மேற்கே ஓடினார்கள். ஹோட்டலைப் பின்னர் திருத்தித் திறந்தார்கள். ஊர் திருந்த இன்னும் அதிக காலம் பிடித்தது.

2009 மே மாதம் போர் முடிந்தது. அதே வருடம் ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. அங்கே படகுப்பாதையில் காத்துக் கிடந்த காலம் முடிந்தது. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வான்களில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். உப்புவெளியில் கிளப் ஓஷானிக் சாயா ப்ளூ ஆகி, இப்போது ட்ரிங்கோ ப்ளூ. குச்சவெளியில் 2012இல் ஊகா நிறுவனத்தின் ஜங்கிள் பீச் காட்டு மரங்களுக்கிடையே தனித்தனிக் குடில்களுடன் வந்தது. தெற்கே பாசிக்குடாவில் வளைகுடாவைச் சுற்றி ஒரு ஹோட்டல் வரிசையே எழுந்தது. அறையின் அழகிலோ, நீச்சல்குளத்தின் அளவிலோ, சாப்பாட்டு மேசையின் பளபளப்பிலோ பழைய ஹோட்டலை முந்தியவை பல. இருந்தாலும் நிலாவெளி என்றதும் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். காரணம், மாமா சொன்ன அதே கல்லும் தண்ணீரும். புதியவர்கள் எதை வேண்டுமானாலும் கட்டலாம். புறாமலையைத் தங்கள் வாசலுக்கு எதிரே நகர்த்த முடியாது.

என் கவலையும் அங்கேயேதான் தொடங்குகிறது. 1998இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது ஹிக்கடுவவின் பவளப்பாறைகள் பெருமளவு செத்தன. புறாமலை அன்று தப்பியது. ஆள் நடமாட்டம் இல்லாத போர்க்காலம் அதைத் தொடாமல் விட்டிருந்தது. சமாதானம் வந்தபின் சீசன் நாட்களில் படகுகள் கூட்டம் கூட்டமாகப் போகின்றன. தீவின் கரையில் இறங்கினால் காலடியில் மணல் குறைவு, உடைந்த பவளத் துண்டுகள்தான். நடக்கும்போது பீங்கான் ஓடுகள்போலக் கலகலக்கும். குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தால், விரல் மொத்தக் கிளையில் ஊசித்துளைகள் நிரை நிரையாகத் தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஓர் உயிர் இருந்தது. அலை உடைத்துக் கொண்டுவந்து போட்டவை பல. ஆனால் நீந்தத் தெரியாதவர்கள் உயிர்க்கவசம் மாட்டிக்கொண்டு, இடுப்பளவு நீரில் பவளத்தின் மேலேயே எழும்பி நிற்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். படகோட்டி "ஏறி நிக்காதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தார். கேட்டவர் குறைவு.

இன்னொன்று கரைவலை. எங்கள் கரைவலைச் சீசனும் கடல் அமைதியான அதே மாதங்கள்தான். தோணியில் வலையை வளைத்து விட்டு, இரண்டு கயிறுகளைக் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து, அம்பா பாடி இழுத்து மடியைக் கரையேற்ற நீளமான வெறும் மணல் வேண்டும். அன்று ஹோட்டல் விருந்தினர் தாமாக ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பார்கள். சூடையும் நெத்தலியும் மணலில் கொட்டும்போது அவர்களும் சேர்ந்து கூவுவார்கள். இன்று அந்த மணலில் சாய்வு நாற்காலிகளும் குடைகளும் நிற்கின்றன. பாடு எங்கே விடுவது, தோணியை எங்கே ஏற்றி வைப்பது என்று சம்மாட்டிமார் கேட்கிறார்கள். கடற்கரை பொதுச் சொத்து. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர் வரையான நிலத்தைக் கரையோர வலயமாக வகுத்து, அங்கே கட்டுவதற்கு அனுமதி வேண்டும் என்கிறது. தாளில் இருக்கும் அந்த உரிமை, வேலிகளுக்கிடையே கடலுக்கு இறங்க ஒரு ஒழுங்கையாவது விட்டால்தான் மீனவனுக்குக் கிடைக்கும்.

வேலையிலும் ஒரு மாற்றம். அன்று ஒரு ஹோட்டலில் சேர்ந்தவர் அங்கேயே வயதானார். இன்று ஹோட்டல்கள் பல, ஆனால் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்குக் கிடைப்பது சீசன் வேலை. வாடை தொடங்கினால் வீட்டில். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 தொற்று, 2022 பெற்றோல் வரிசை என்று ஒவ்வொன்றும் எங்கள் சீசன் தொடக்கத்தையே பார்த்து அடித்தது. சீசன் வேலைக்காரருக்குத்தான் முதலில் "நாளைக்கு வரவேண்டாம்" என்று சொல்லப்பட்டது. மேலாளர் நாற்காலியில் நிலாவெளியில் படித்த ஒரு பெண்ணோ பையனோ உட்கார வேண்டும் என்பது என் ஆசை. ஆங்கிலமும் சிங்களமும் கணக்கும் தெரிந்த பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள்.

எந்த ஹோட்டல் முதலாவது என்ற போட்டி நல்லதுதான். வாடகை குறையும், சேவை கூடும். ஆனால் இந்தக் கரையில் எல்லோரும் விற்பது ஒரே சரக்கு. பவளம் செத்தால் பழையதும் புதியதும் சேர்ந்தே படுக்கும். இதை முதலில் உணர வேண்டியது அரை நூற்றாண்டு காலம் அந்தக் கல்லின் முகத்தைப் பார்த்துப் பிழைத்த மூத்த ஹோட்டல். அது முன்னுக்கு நின்றால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலாவெளிக்கு வாருங்கள், மே முதல் செப்டெம்பருக்குள் வாருங்கள். எந்த ஹோட்டலில் வேண்டுமானாலும் தங்குங்கள், ஒரு வேளையாவது வீதியோரக் கடையில் சாப்பிடுங்கள். புறாமலைக்குப் போனால் பவளத்தில் கால் வைக்காதீர்கள், ஒரு துண்டையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தால் நாற்காலியை விட்டு எழும்பி வழி விடுங்கள். முடிந்தால் கயிற்றில் ஒரு கை கொடுங்கள்.