சேலத்தை ஒரே வரியில் நாமக்கல்லுக்கு அனுப்புவது எப்படி?

எஸ்க்யூஎல்லில் செலக்ட் கைவந்துவிட்டதா? அது வெறும் வேடிக்கை பார்க்கிற வேலை. டேபிளைக் கெடுக்க வேண்டுமென்றால் அப்டேட்டுக்குத்தான் வரவேண்டும்.

பயிற்சிக்கு நம் ஊரையே வைத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல், 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டம். அப்போது நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் என்று வட்டங்களைக் குறிப்பிட்டுத்தான் பிரித்தார்கள். அரசாங்கத்துக்கு அந்தப் பொறுமை இருக்கும், நமக்கு எதற்கு? பழைய சேலம் மாவட்டத்து வட்டங்களெல்லாம் 'வட்டங்கள்' என்ற டேபிளில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த வரிசை என்று சொல்லும் 'வேர்' கண்டிஷனை விட்டுவிட்டு, 'அப்டேட் வட்டங்கள் செட் மாவட்டம் = நாமக்கல்' என்று அடித்து என்டரைத் தட்டுங்கள். ஏற்காடும் ஆத்தூரும் நாமக்கல்லுக்குப் போய்விடும்; மேட்டூர் அணையும் கூடவே. மைஎஸ்க்யூஎல் ஒர்க்பெஞ்ச் 1175 என்று பிழை எண் காட்டி வழிமறித்தால், செட்டிங்கில் தேடி 'சேஃப் அப்டேட்'டை அணைத்துவிடுங்கள்.

கண்டிஷன் போட்டே தீருவேன் என்கிறவர்கள் ஊர்ப் பெயரை நம்பலாம். திருச்செங்கோட்டை இங்கிலீஷில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதுகிறோம். டேபிளில் ஒன்று இருக்கும், நீங்கள் இன்னொன்றை அடியுங்கள். '0 வரிசைகள்' என்று பதில் வரும். சிவப்பு எழுத்து இல்லையே, டீ குடிக்கப் போகலாம். அதே கண்டிஷனை முதலில் செலக்ட்டில் ஓட்டி, நான்கு வட்டத்துக்கு நான்கு வரிசை வருகிறதா என்று எண்ணுவதெல்லாம் பயந்தாங்கொள்ளிகள் செய்வது.

அடுத்து முட்டை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையையும் மற்ற மண்டல விலைகளையும் ஒரு டேபிளில் பைசாக் கணக்கில் ஏற்றுங்கள். 'விலை = விலை + 10' என்று ஓட்டிவிட்டு, ஓடியதா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு முறை ஓட்டுங்கள். 20 பைசா ஏறியிருக்கும், பண்ணைக்காரர்கள் உங்களை வாழ்த்துவார்கள். விலை நிரப்பாத நாட்களைப் பிடிக்க 'விலை = நல்' என்று எழுதுங்கள். 'இஸ் நல்' என்று எழுதாதவரை ஒன்றுகூடச் சிக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது 'அண்ட்'. விலையையும் மண்டலத்தையும் சேர்த்து மாற்றும்போது நடுவில் கமா போடவேண்டிய இடத்தில் 'செட் விலை = 500 அண்ட் மண்டலம் = நாமக்கல்' என்று போடுங்கள். போஸ்ட்கிரஸ் முறைத்துக்கொண்டு மறுத்துவிடும். மைஎஸ்க்யூஎல் அப்படியில்லை. அண்டுக்கு இரண்டு பக்கமும் உண்மையா பொய்யா என்று பார்த்து, வந்த விடையை விலையாக எழுதிவிடும். நாமக்கல் முட்டை 1 பைசா. மற்ற மண்டலத்து முட்டையெல்லாம் 0, அதாவது இலவசம். இதற்கும் பிழைச் செய்தி கிடையாது.

பதறாதீர்கள், ரோல்பேக் அடியுங்கள். 'ஓகே' என்று சொல்லும். சொல்லும், அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல்லில் ஆட்டோகமிட் தானாகவே இயங்கிக்கொண்டிருப்பதால், 'ஸ்டார்ட் டிரான்சாக்‌ஷன்' என்று முன்கூட்டியே போட்டு வைத்தவர்களுக்குத்தான் பழையது திரும்பும். மற்றவர்கள் பேக்கப் எங்கே என்று ஆபீஸில் விசாரிக்கலாம். போன மாதத்து முட்டை விலையாவது கிடைக்கும்.