துணி வெளுத்தவரின் சேமிப்பு

கேள்வி: உண்மையான பணக்காரர் யார், ஏழை யார்?

பதில்: அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்றொரு ஊர். அங்கே ஒசியோலா மெக்கார்ட்டி என்ற கறுப்பினப் பாட்டி. உடம்புக்கு முடியாத உறவினரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஏழ்மை என்று நான் சொல்வது, படிப்பை விட வேண்டிவந்த அந்த நிலையைத்தான். பிறகு ஆயுசு முழுக்க ஊரார் துணியைத் துவைத்து இஸ்திரி போட்டார். கார் கிடையாது, எங்கே போனாலும் நடைதான். 1995-ல், 87 வயதில், வசதியில்லாத பிள்ளைகள் படிக்கட்டும் என்று உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குத் தன் சேமிப்பிலிருந்து 1,50,000 டாலர் எழுதி வைத்தார். அவர் இளமையில் கறுப்பினப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திய பல்கலைக்கழகம் அது! வாழ்நாளெல்லாம் அடுத்தவர் அழுக்கை எடுத்த அந்தக் கை, ஊரின் பழைய கறையையும் அல்லவா வெளுக்க வந்தது! அன்று அந்த ஊரில் அவரைவிடப் பணக்காரர் யார் இருந்திருக்க முடியும்?