ஓட்டை போட ஓர் எஸ்டிமேட்

ஒழுகாத கூரை எங்கள் வம்சத்தின் கனவு. தாத்தா ஓடு மாற்றியே ஓய்ந்தார். அப்பா மொட்டைமாடியில் தார் ஊற்றினார். அந்த வழியில் வந்த நான், ஒரு சொட்டு இறங்காத பழைய ஃபோர்டு டிரான்சிட் வேனின் உச்சியில் 14 அங்குலத்துக்கு 14 அங்குலம் ஓட்டை போடப்போவதாக அறிவித்தேன்.

“ஏங்க, இது போர்ட்லண்ட். அக்டோபர்ல பிடிச்ச மழை மே வரைக்கும் விடாது. ஞாபகம் இருக்கா?” என்றாள் மனைவி.

ஆனால் மூடிய வேனுக்குள் இரண்டு பேர் தூங்கினால், விட்ட மூச்செல்லாம் குளிர்ந்த தகரத்தில் பட்டு விடியற்காலையில் நெற்றியில் சொட்டும். புரொப்பேன் அடுப்பைப் பற்றவைத்தால் அதுவும் தன் பங்குக்கு நீராவி விடும். ஓட்டையே இல்லாமல் உள்ளே மழை பெய்யும்போது, ஓட்டைக்குப் பயந்து என்ன பயன்?

அந்த ஓட்டையில் பொருத்த, மழையிலும் திறந்தபடி ஓடும் மேக்ஸ்ஃபேன் என்ற கூரை ஃபேன் 300 டாலருக்கு மேல். வேனை கேம்ப்பராக மாற்றித்தரும் கடையொன்றில் பொருத்தும் கூலி விசாரித்தேன். ஃபேன் விலையைத் தாண்டியது.

“ஓட்டை போடவா இவ்வளவு?”

“இல்லை சார், சரியான இடத்தில் போட.”

பதிலில் நியாயம் இருந்தது. பர்ஸில் பணம் இல்லை.

நல்லவேளை, அந்த 14 அங்குலம் அமெரிக்க ஆர்.வி. வண்டிகளின் பொது அளவு. பெரும்பாலான ஃபேன்கள் அதில் உட்காரும். பெட்டி நசுங்கியதால் விலை குறைந்த ஒன்று கிடைத்தது. ஜிக்சா பக்கத்து வீட்டில் இரவல். இரவல் கருவியோடு அதன் சொந்தக்காரரின் மேற்பார்வையும் இலவசம். ஏணிக்குக் கீழே நாற்காலி போட்டு, காபியோடு உட்கார்ந்துவிட்டார் மனிதர். கூரையின் குறுக்குச் சட்டங்களைத் தவிர்த்துக் கோடு போட்டு, பெயின்டில் கீறல் விழாமல் டேப் ஒட்டி, நான்கு மூலையிலும் துளையிட்டு, ஜிக்சாவை இறக்கினேன். அந்தச் சத்தத்தை வர்ணிக்க மாட்டேன், பல் கூசுகிறது. இரும்புத்தூளை அப்படியே விட்டால் பெயின்டில் துருப் புள்ளி விழும் என்பதால் ஒரு துகள் விடாமல் துடைத்து, வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்பு பெயின்ட் அடித்தேன்.

அடுத்தது சீலன்ட். குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய சிலிக்கான் ட்யூபை ஆசையோடு எடுத்தேன். ஊருக்குப் போனால் தேங்காய் விலையில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிற என் மனைவி அதைப் பிடுங்கி ஓரம் வைத்தாள். சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது, இன்னொரு கோட்டிங் சிலிக்கான்கூட ஒட்டாது என்று எங்கேயோ படித்திருக்கிறாள். ஆகவே ஃபேன் விளிம்புக்கு அடியில் பியூட்டைல் டேப், ஸ்க்ரூ தலைகளின்மேல் தானாகப் பரவிப் படியும் லேப் சீலன்ட். சிக்கனத்துக்கு அன்று அரைநாள் விடுமுறை.

12 வோல்ட் வயர், நடுவில் ஒரு ஃப்யூஸ், அவ்வளவுதான். குறைந்த வேகத்தில் அரை ஆம்பியர்கூட இழுக்காது. ஆனால் காற்று வெளியே போக, உள்ளே வரவும் வழி வேண்டும். ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைக்காவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும், அரசாங்கக் கமிட்டி மாதிரி.

முதல் சோதனை ஒரு கேம்ப் மைதானத்தில். மனைவி காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டாள். நெடி மொத்தமும் மேலே போயிற்று. எங்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பக்கத்து வேனில்தான் குடும்பமே இருமியது. அவர்கள் கூரையிலும் ஒரு ஃபேன், நல்ல விலையுயர்ந்த ரகம், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் திசையில் ஓடிக்கொண்டிருந்தது.