கழித்தல் கணக்கில் கடன் வாங்குதல்: சட்டம், பொருளியல், ஒழுக்கம் ஆகிய நோக்குகளில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கடன் வாங்கிக் கழித்தல் என்பது, மேல் எண்ணின் ஓர் இலக்கம் தனக்கு நேர் கீழே உள்ள இலக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும்போது, தன் இடப்பக்கத்து இலக்கத்திடமிருந்து ஒன்றைப் பெற்று, அதைப் பத்தாக மாற்றிக்கொண்டு, தன் கடமையை நிறைவேற்றும் செயலாகும். 52இலிருந்து 28ஐக் கழிக்க முற்படும் பிள்ளை, 2இல் 8 போகாது என்று கண்டவுடன், பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்குமாறு ஆசிரியரால் பணிக்கப்படுகிறது. பக்கத்து வீட்டில் குடியிருக்கும் 5 அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டு 4 ஆகிறது. வாங்கிய 2 உடனே 12 ஆகிறது. 12இல் 8 போக 4, 4இல் 2 போக 2, விடை 24. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றே பெற்றோரும் பள்ளிகளும் கருதி வந்துள்ளனர். ஆயினும், கொடுத்தது ஒன்றாகவும் பெற்றது பத்தாகவும் இருப்பதும், பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே எழாதிருப்பதும், கொடுத்தவர் அதுபற்றி எங்கும் முறையிடாதிருப்பதும் கொடுக்கல் வாங்கல் உலகில் அரிய நிகழ்ச்சிகளாதலின், அவற்றைத் தனித்தனியே ஆராய்வது இன்றியமையாததாகிறது. ஆய்வின் எல்லை முழு எண்களோடு, அதாவது பின்னமில்லாத எண்களோடு நிற்கிறது. பின்னங்களுக்கிடையே நடக்கும் கடன்கள் வேறு நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை.

2. சட்ட நோக்கு

இந்தியாவில் கடன் கொடுப்போர் பெரும்பாலும் எழுதி வாங்கிக்கொள்ளும் கடனுறுதிச் சீட்டு, மக்கள் வழக்கில் புரோநோட்டு எனப்படுவது, 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கீழ் வருவது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன்மேல் கையெழுத்திட்டு முடிக்கப்படுவது. கணக்கு நோட்டில் நிகழும் கடனுக்கோ, 5இன் மீது இழுக்கப்படும் ஒரு சாய்கோடும் அதன் தலைக்கு மேல் சிறிதாக எழுதப்படும் 4உம் மட்டுமே சான்று. அந்தச் சான்றையும் கெட்டிக்கார மாணவர்கள் மனத்திலேயே வைத்துக்கொண்டு தாளில் எழுதாது விடுகின்றனர்.

வட்டியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கந்துவட்டித் தடைச் சட்டம், கடன் கொடுத்தவர் அளவுக்கு மீறி வட்டி வாங்குவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் ஒன்றைக் கொடுத்தவர் எதையும் பெறாமல் நிற்க, வாங்கியவர் கைக்கு வந்த கணத்திலேயே அது பத்தாகப் பெருகும் நிலையை அச்சட்டம் எதிர்பார்க்கவில்லை. மேலும், 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனாகக் கொடுத்த பணத்தை மீட்க 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எனவே இரண்டாம் வகுப்பில் வாங்கிய கடன்கள் அனைத்தும் மாணவர் ஆறாம் வகுப்பில் கால் வைப்பதற்குள் காலாவதியாகிவிடுகின்றன. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் கழித்தல் கணக்கில் காட்டும் அலட்சியத்துக்கு இதுவே காரணமெனக் கொள்ள இடமுண்டு.

3. பொருளியல் நோக்கு

ஒன்று பத்தாகப் பெருகுவதாகத் தோன்றுவது இடமதிப்பின் விளைவாகும். இடமதிப்பு என்பது ஓர் இலக்கம் தான் நிற்கும் இடத்தால் பெறும் மதிப்பு. பத்துகளின் இடத்தில் நிற்கும் 5இன் மதிப்பு 50 ஆதலால், அது கொடுக்கும் ஒன்று உண்மையில் ஒரு பத்தே ஆகும். பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பத்து ஒற்றை ரூபாய் நாணயங்களைப் பெறுபவரின் சொத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதுபோல, 50உம் 2உம் சேர்ந்த எண் 40உம் 12உம் சேர்ந்த எண்ணாக உருமாறினாலும் 52ஆகவே நீடிக்கிறது. இக்காலப் பாடநூல்கள் இச்செயலை இனமாற்றம் எனக் குறிப்பது இக்கருத்தைத் தழுவியே ஆகும். பிள்ளைகளும் ஆசிரியர்களும் கடன் என்றே கூறிவருவது, கடன் எளிதில் புரியும் பொருளாக நாட்டில் நிலைபெற்றுவிட்டதைக் காட்டுகிறது.

எனினும் 1000இலிருந்து 357ஐக் கழிக்கும்போது இவ்விளக்கத்துக்கு ஒரு சோதனை நேர்கிறது. ஒன்றுகளின் இடத்தில் உள்ள பூஜ்யம் பத்துகளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அங்கும் பூஜ்யமே இருக்கிறது. அது நூறுகளின் வீட்டுக்குப் போகிறது. அங்கும் அதே நிலைமை. இறுதியில் மூவரின் பொருட்டும் ஆயிரத்தின் வீட்டில் உள்ள ஒரே ஒன்று வெளியே அழைத்துவரப்படுகிறது. அது நூறுகளின் இடத்தில் 10 ஆகிறது. அந்த 10 ஒன்றைக் கொடுத்துவிட்டு 9ஐ வைத்துக்கொள்கிறது. பத்துகளின் இடமும் அவ்வாறே 10ஐப் பெற்று ஒன்றைக் கொடுத்து 9ஐ நிறுத்திக்கொள்கிறது. கடைசியில் ஒன்றுகளின் இடம் 10ஐப் பெறுகிறது. 10இல் 7 போக 3, 9இல் 5 போக 4, 9இல் 3 போக 6, விடை 643. தம் கையில் ஏதும் இல்லாத இருவர், பிறர் பொருட்டு ஒரு கடனை வாங்கிக் கொடுத்த ஒரே காரணத்தால், ஆளுக்கு ஒன்பதோடு வீடு திரும்புவது தரகுத் தொழிலின் உச்சநிலை எனத் தயக்கமின்றிக் கூறலாம்; ஆயிரத்துக்கோ வீடே காலியாகிவிடுகிறது. 10, 100, 1000 ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனித்தனிக் குறிகள் வழங்கிய பழந்தமிழ் எண்முறையில் ஆயிரம் ஒற்றைக் குறியாகவே நின்றமையால், இத்தகைய தரகர் வரிசைக்கு அங்கு இடமில்லாமலிருந்தது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

4. இரு கட்சிகள்

கழித்தலை நடத்தும் முறை குறித்து உலகப் பள்ளிகள் நெடுங்காலம் இரு கட்சிகளாகப் பிரிந்திருந்தன. மேலே விளக்கப்பட்டது, மேல் எண்ணைப் பிரித்து மாற்றும் முதற்கட்சியின் வழி. ஐரோப்பாவின் பல பகுதிகளில் செல்வாக்குடன் விளங்கிய இரண்டாம் கட்சி, இரு எண்களிலும் ஒரே அளவைக் கூட்டும் முறையைப் பின்பற்றுவது. இம்முறைப்படி 52இல் உள்ள 2ஐ 12 ஆக்கியவர், 5ஐத் தொடாமல், கீழே உள்ள 28இன் 2ஐ 3 ஆக்குகிறார். 12இல் 8 போக 4, 5இல் 3 போக 2. மேல் எண்ணிலும் கீழ் எண்ணிலும் பத்துப் பத்தாகக் கூடியதால் வித்தியாசம் மாறுவதில்லை. வாங்கிய பத்தை அடுத்த கணத்திலேயே கீழ் வரிசையில் ஈடுகட்டிவிடுவதால், ஒழுக்க நோக்கில் இரண்டாம் கட்சியே மேம்பட்டதெனத் தோன்றும். ஆனால் 1949ஆம் ஆண்டு அமெரிக்காவில் வில்லியம் பிரௌனெல், ஹெரால்டு மோசர் ஆகியோர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு, பொருள் புரியக் கற்பிக்கப்படும்போது முதல் முறையே நல்ல பயன் தருவதாகக் காட்டியது. நாணயத்தைவிட விளக்கம் வெல்வது கல்வித்துறையில் மட்டும் நிகழ்வதன்று.

இரு கட்சிகளிலும் சேராத ஒன்றும் உண்டு. வரித்துறைப் பணியில் இருந்த தந்தைக்கு உதவும் பொருட்டு 1642இல் பிளேஸ் பாஸ்கல் உருவாக்கத் தொடங்கிய கணக்குப் பொறியின் சக்கரங்கள் ஒரே திசையில் மட்டுமே சுழன்றதால், அதனால் கூட்ட முடிந்ததேயன்றி நேராகக் கழிக்க முடியவில்லை. எனவே 52ஐ 99இலிருந்து கழித்து 47 என்று கொண்டு, அதனோடு 28ஐக் கூட்டி 75 ஆக்கி, அதை மீண்டும் 99இலிருந்து கழித்து 24 என்ற விடையைக் காணும் வழி கையாளப்பட்டது. ஒன்பதிலிருந்து எந்த இலக்கத்தைக் கழித்தாலும் பற்றாக்குறை வராது. ஆதலால் வரி வசூலுக்கென்று பிறந்த அப்பொறி எவரிடமும் கைநீட்டாமல் கணக்கை முடித்தது.

5. குற்றங்களின் வகைப்பாடு

கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் கவனக்குறைவால் நேர்பவை என்பது வீட்டார் நம்பிக்கை. அவற்றுள் பல, தவறான ஒரு விதியைத் தவறாமல் பின்பற்றுவதால் விளைபவை என்பதை 1978இல் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்டு பர்ட்டன் ஆகியோர் காட்டினர். இவ்வாய்வுக்குத் தேவையானவை மூன்று வகைகள். முதலாவது, கடன் வாங்கக் கூச்சப்பட்டு, சிறியதைப் பெரியதிலிருந்து கழித்துவிடுவது, 52இல் 28 போக 36 என்று எழுதுபவர் இவ்வகையினர், தன்மானம் மிகுந்தோர். இரண்டாவது, கடனை வாங்கிக்கொண்டு, கொடுத்தவர் கணக்கில் பற்று எழுதாமல் விடுவது; இவர்களுக்கு விடை 34 ஆகும்; கூடிய பத்து எங்கிருந்து வந்ததென்பதை இவர்களே அறியார். மூன்றாவது, பூஜ்யத்திடம் கடன் கேட்டு, அதை 9 ஆக்கிவிட்டு, அதற்கு அப்பாலுள்ள வீட்டுக்குப் போகாமலே திரும்பிவிடுவது. இவ்வகையினர் 103இலிருந்து 45ஐக் கழித்து 158 எனக் காண்பதால், செலவழிக்கச் செலவழிக்கக் கையிருப்பு கூடும் ஒரு பொருளாதாரத்தை நோட்டுப் புத்தகத்தில் நிறுவியவர்களாகின்றனர்.

6. நடுநிலை வகுப்பில் வெளிப்படும் உண்மைக் கடன்

பூஜ்யத்துக்குக் கீழான குறை எண்கள் அறிமுகமாகும் நடுநிலை வகுப்பில் நிலைமை தலைகீழாகிறது. 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் தம் நூலில் மிகை எண்களைச் செல்வமாகவும் குறை எண்களைக் கடனாகவும் கொண்டு அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் வகுத்தார். அவ்வழியில் செல்லும் மாணவர், 2இல் 8 போகாது என்று சொல்ல வேண்டியதில்லை. −6 என்று எழுதலாம். 50இல் 20 போக 30. 30இலிருந்து அந்த 6 கடனைத் தீர்க்க 24. பக்கத்து வீட்டுக் கதவு இங்குத் தட்டப்படவே இல்லை. ஆகவே தொடக்கப் பள்ளியில் கடன் இல்லாத இடத்தில் கடன் பேசப்படுகிறது. நடுநிலைப் பள்ளியில் கடன் உண்டாயினும் எவரிடமும் வாங்கப்படுவதில்லை. இவ்விரண்டையும் சில ஆண்டு இடைவெளியில் கற்கும் பிள்ளை குழம்புவதில் குறைகூற ஏதுமில்லை.

7. முடிவும் பரிந்துரையும்

எஞ்சுவது, தொடக்கப் பள்ளிக் கடன் என்றேனும் தீர்க்கப்படுகிறதா என்ற வினா. விடை, கழித்தலைச் சரிபார்க்கும் கூட்டலில் உள்ளது. 24உடன் 28ஐக் கூட்டுகையில், 4உம் 8உம் 12; 2ஐ எழுதி, மீதி 1 பத்துகளின் இடத்துக்கு ஏற்றப்படுகிறது; அங்கு 2, 2, 1 சேர்ந்து 5 ஆகின்றன. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கப்பட்ட அதே ஒன்று அதே வீட்டுக்குத் திரும்பிச் சென்றுவிடுகிறது. 643உடன் 357ஐக் கூட்டினால், மூன்று வீடுகளிலும் மீதி ஏறி, தரகர் இருவரும் தம் ஒன்பதை இழந்து பழையபடி பூஜ்யமாகி, ஆயிரத்தின் ஒன்று முழுமையாக மீட்கப்படுகிறது. சரியாகச் செய்த எந்தக் கழித்தலிலும், கடன் கொடுத்த இடங்களில் மட்டுமே மீதி ஏறும், வேறெங்கும் ஏறாது.

இதனால் கணிதத்தின் மீது இதுவரை சாட்டப்பட்ட நாணயமின்மைக் குற்றம் நீங்குகிறது. கடன் தீர்ப்பதற்கான வழியை அது முன்னரே செய்து வைத்துள்ளது. பழி முழுவதும், விடையை எழுதியவுடன் கோடிட்டு நோட்டை மூடிவிட்டு, விளையாடப் போகும் மாணவர்களையே சாரும். சரிபார்க்காமல் ஒப்படைக்கப்படும் ஒவ்வொரு விடைத்தாளையும் வாராக்கடன் எனப் பதிவு செய்யலாம் என்றும், அதற்கான நடவடிக்கை கூட்டல் கணக்கு ஒன்றைக் கூடுதலாகக் கொடுப்பதோடு நின்றால் போதும் என்றும் இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.