தொட்டிக்குக் கம்பளி போர்த்துபவர்

பெரிய மீன் தொட்டிக்கு ஹீட்டர் தேடுபவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே குளிரைப் பற்றிப் பேசும் இனத்தைச் சேர்ந்தவர். தமிழ்நாடு முழுக்கக் காணப்படுகிறார் என்றாலும், செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்து ஊரான வல்லத்தில் கிடைக்கும் வகை நன்கு முற்றியது. வயது 50-ஐத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பார்கள். ஹாலில் அவர்கள் உட்கார்ந்து படித்த மேசையை எடுத்த இடம் வெறிச்சென்று கிடக்கும். தொட்டி அங்கேதான் வந்து இறங்குகிறது.

இரண்டடித் தொட்டியில் கப்பியும் மோலியும் வளர்ப்பவர் இந்த இனத்தில் சேரமாட்டார். இவருடைய தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். கணக்குப்படி 20 கன அடி, அதாவது 566 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டது போக 500 லிட்டர் நிற்கும். விருந்தாளியிடம் சொல்லும்போது மட்டும் அது 600.

இவர் வாழும் ஊரின் வெப்பம் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். செஞ்சியின் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் பாறைமேல் பாறை அடுக்கியவை. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவில் திருப்பிக் கொடுப்பது கருங்கல்லின் குணம். கத்திரி வெயில் காலத்தில் ஹாலில் இருக்கும் தொட்டித் தண்ணீர் யார் தயவும் இல்லாமல் 32 டிகிரிக்கு ஏறிவிடும். சுருங்கச் சொன்னால், ஊருக்கே பொதுவாக ஒரு ஹீட்டர் இருக்கிறது. அதற்குத் தெர்மோஸ்டாட்தான் இல்லை.

குளிர் என்று ஒன்று உண்டென்றால் அது மார்கழி, தை, மாசியில் பாதி. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழி சொல்கிறது. தொட்டியைத் துளைப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. விட்டுப்போன அந்தப் பகுதியை இவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். ஜன்னல் சாத்திய ஹாலில் விடியற்காலையில்கூடத் தண்ணீர் 23, 24 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஏஞ்சல் மீனுக்கு இது போதும், கோல்டு பிஷுக்கு இதுவே அதிகம். ஆனால் இவர் சென்னைக் கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் அலைந்து வாங்கி வந்திருப்பது டிஸ்கஸ். அமேசான் ஆற்றுப் படுகையைப் பூர்வீகமாகக் கொண்ட அந்த மீனுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். தண்ணீரின் சூடு திடீரென்று இறங்கினால் மீன் சோர்ந்துபோகும். வெள்ளைப் புள்ளி நோய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இவருடைய கவலை நியாயமானதுதான். அளவுதான் கொஞ்சம் கூட.

மார்கழியில் காலை 5 மணிக்கு இவரை நேரில் பார்க்கலாம். தலையில் மஃப்ளர், கையில் டார்ச். கண்ணாடியில் ஒட்டிய தெர்மாமீட்டர் 25 காட்டுகிறது. அதை நம்பாமல் வாங்கிப் போட்ட இன்னொன்று 26 காட்டுகிறது. இரண்டையும் நம்பாமல் புறங்கையை நனைத்துப் பார்க்கிறார். அது ‘ஜில்’ என்கிறது. மூன்றில் புறங்கையின் தீர்ப்பே இறுதியானது. அடுப்படியிலிருந்து அப்போது ஒரு குரல் வரும்: “முட்டி வலிக்குதுன்னு போன மார்கழியிலேர்ந்து சொல்றேன். அந்த லைட்ட ஒரு நாளாவது என் பக்கம் அடிச்சிருக்கீங்களா?”

அடுத்த கட்டம் வாட் கணக்கு. லிட்டருக்கு 1 வாட் என்பது மீன் வளர்ப்பவர்களிடையே வழங்கும் வாய்ப்பாடு. சின்னத் தொட்டிக்கு அது சரி. தொட்டி பெரிதாகப் பெரிதாக, கொள்ளும் தண்ணீரோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு குறைவு. சூடு வெளியேறுவதும் மெதுவாகத்தான். டம்ளர் வெந்நீர் ஆறிய பிறகும் அண்டா வெந்நீர் ஆவி பறப்பது இதனால்தான். அறையைவிட 4, 5 டிகிரி கூடுதலாக இருந்தால் போதும் என்ற ஊரில், பெரிய தொட்டிக்கு லிட்டருக்கு அரை வாட் தாராளம். 500 லிட்டருக்கு 250 முதல் 300 வாட். 300 வாட் ஹீட்டர் அந்தத் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற, வெளியே போகும் சூட்டைச் சேர்க்காமலே, ஏறக்குறைய 2 மணி நேரம் ஆகும். இந்த மந்தம் மீனுக்கு நல்லது, இவருக்குத்தான் பிடிக்காது. தாளில் 500 என்று எழுதுகிறார். ‘சேஃப்டிக்கு’ 600 ஆக்குகிறார். மகனுக்குப் போன் போட்டு, “எதுக்கும் ஆயிரமா போட்டுடலாமா?” என்று கேட்கிறார். மகன், “சாப்டீங்களாப்பா?” என்று பேச்சை மாற்றுகிறான்.

பிறகு கடை. சிறிய ஊர் எலக்ட்ரிக்கல் கடையில் ஹீட்டர் என்றால் வெந்நீர் போடும் ராடு என்றே பொருள். கடைக்காரர் 1,500 வாட் ராடு ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, “பக்கெட்டுக்கா சார், அண்டாவுக்கா?” என்கிறார்.

“மீன் தொட்டிக்கு.”

கடைக்காரர் ராடைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார். “கொழம்பு வெக்கவா சார்?”

கேட்டது கிண்டல்தான். ஆனால் அறிவியல் அவர் பக்கம். ராடு 500 லிட்டரை 1 டிகிரி ஏற்ற 23 நிமிடம் போதும். நிறுத்த வேண்டிய இடம் அதற்குத் தெரியாது. தண்ணீரில் கை விட்டவருக்கு ஷாக் அடிக்கவும் வழி உண்டு. மீன் தொட்டிக்கு ராடு எந்தக் காலத்திலும் ஆகாது.

தொட்டிக்கென்றே செய்த ஹீட்டர்கள் மூன்று வகை. கண்ணாடிக் குழாய் வகை விலை குறைவு, எங்கும் கிடைக்கும். தண்ணீருக்கு வெளியே எரிந்தாலோ, ஆஸ்கர் போன்ற முரட்டு மீன் இடித்தாலோ விரிசல் விடும். டைட்டானியம் வகை உடையாது. பெரும்பாலும் கண்ட்ரோலரைத் தனியே வாங்க வேண்டும். மூன்றாவது வகை, தொட்டிக்கு வெளியே ஃபில்டர் குழாயின் நடுவில் பொருந்துவது. கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும். அதனாலேயே இவருக்குப் பிடிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளின் சிவப்பு விளக்கு வருகிறவர் கண்ணில் பட வேண்டாமா?

1690-இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க 8 ஆண்டு எடுத்தது. இவருடைய தேர்வு அவ்வளவு நீளாது; இரண்டு மார்கழியில் முடிந்துவிடும். முதல் மார்கழியில் 300 வாட்டில் ஒன்றே ஒன்று வாங்குகிறார். இரண்டாவது மார்கழியில், 150 வாட்டில் இரண்டு வாங்கியிருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கிறார். காரணம் எளிது. சாதாரணத் தெர்மோஸ்டாட்டின் உள்ளே, சூடு பட்டால் வளையும் இரட்டை உலோகப் பட்டை ஒன்று இருக்கிறது. அது வளைந்து கரண்ட்டைத் துண்டிக்கும், நிமிர்ந்து சேர்க்கும். நாளடைவில் தீப்பொறி பட்டு அந்த முனைகள் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. பெரிய ஹீட்டர் ஒன்று மட்டும் இருந்து அது ஒட்டிக்கொண்டால் மீன் வெந்துபோகும். அது எரியாமல் போனால் மீன் விறைத்துப்போகும். சிறியது இரண்டு இருந்தால், ஒன்று ஒட்டிக்கொண்டாலும் தொட்டியைக் கொதிக்க வைக்க அதற்குச் சக்தி போதாது. ஒன்று செத்தாலும் மற்றது பாதிச் சூட்டையாவது தாங்கும். இரண்டுக்கும் மேலே கண்ட்ரோலர் ஒன்று வைத்தால் காவலுக்குக் காவல்.

பொருத்தும் நாளில் எலக்ட்ரீஷியன் வருகிறார். அவர் சுவரைப் பார்க்க, இவர் தண்ணீரைப் பார்க்கிறார். ஃபில்டர் தண்ணீர் வந்து விழும் இடத்தருகே ஹீட்டரைச் சாய்வாக வைத்தால் சூடு தொட்டி முழுக்கப் பரவும். தெர்மாமீட்டர் எதிர் மூலையில் இருக்க வேண்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே தாழ்ந்து வளைந்து ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் சொட்டு சுவிட்சுக்குள் போகாமல் தரையில் விழும். எர்த்தும், கசிவு கண்டதும் தானே விழும் டிரிப் சுவிட்சும் கட்டாயம். தண்ணீர் மாற்றுவதற்கு 20 நிமிடம் முன்பே ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை ஒவ்வொருவரும் ஒரு கண்ணாடி ஹீட்டரைப் பலி கொடுத்தே கற்றுக்கொள்கிறார்கள். தண்ணீர் இறங்க இறங்க, காய்ந்த குழாய் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். அவ்வளவுதான்.

கரண்ட் போனால் இவருடைய முழு உருவமும் வெளிப்படும். பீரோவிலிருந்து கம்பளி வருகிறது. தொட்டியின் மூன்று பக்கமும் போர்த்தப்படுகிறது. நாலாவது பக்கத்தைத் திறந்து வைப்பது மீன்களுக்கு மூச்சு முட்டாமல் இருக்க. உண்மையில் 500 லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் அரை டிகிரி இறங்கினாலே அதிகம். அப்போது மீனுக்குத் தேவை சூடு அல்ல, காற்று. சில வாட் மட்டுமே கேட்கும் ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்டினால் போதும். இதை எலக்ட்ரீஷியன் மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் இவர் கம்பளியின் மறுமுனையை அவர் கையில் கொடுத்திருக்கிறார்.

பொங்கலுக்கு மகன் ஊருக்கு வருகிறான். குளிக்க வெந்நீர் கேட்கிறான். ராடு மாட்டும் பிளக்கில் இப்போது கண்ட்ரோலர் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருபவன் கண்ணில், எதிரே 28 டிகிரியில் டிஸ்கஸ்கள் வாலாட்டிக்கொண்டிருக்கும் காட்சி படுகிறது. “நான் படிக்கிறப்போ இவ்ளோ அக்கறையா இருந்தீங்களாப்பா?” என்கிறான். அப்பா பதில் சொல்லாமல் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டுகிறார். ஒரு கண் தெர்மாமீட்டரில்.

செலவுக் கணக்கு மாசியில் வரும். 300 வாட், இரவில் 8 மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட்; 60 நாளுக்கு 144. அரசு வீட்டுக்கு இலவசமாகத் தரும் யூனிட்டுகளுக்கு மீன்களே முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன. பில்லை இவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். வீட்டில் கேட்டால், “பிரிட்ஜு பழசாயிடுச்சு” என்பது வழக்கமான பதில்.

பங்குனியில் ஹீட்டர்கள் வெளியே வருகின்றன. போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். வினிகரில் ஊற வைத்துத் துடைத்து, பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்ற வேண்டும். சூடான தண்ணீரில் காற்று குறைவாகவே கரையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். இனி வரும் 3 மாதமும் தொட்டிக்கு ஆபத்து மேலேயிருந்துதான். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி மின்விசிறி வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். பரணில் ஏறி நிற்பவர் அங்கிருந்தே கீழே பார்த்துக் கேட்கிறார்: “அந்த டேபிள் ஃபேன யாரு யூஸ் பண்றீங்க?”