முத்திரை விழாத வெளிநாடு

ஸ்ரீரங்கத்தில் எங்கள் உத்தர வீதியில், வெளிநாடு போய் வந்தவர் என்ற அந்தஸ்து ஒருவருக்கு இலேசில் கிடைத்துவிடுவதில்லை. பிள்ளையோ பெண்ணோ நியூ ஜெர்ஸியில் குடியேறி, பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொருட்டு அங்கே ஆறு மாதம் சிறையிருந்து, திரும்பி வந்து அந்த ஊர்க் குளிரைப் பற்றித் திண்ணையில் ஒரு மண்டலம் உபந்நியாசம் செய்தவர்களுக்கே அது உரியது என்பது எழுதப்படாத சாசனம். அந்தச் சாசனத்தின்படி, 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பாலக்கரைக் கத்தோலிக்க இளைஞர் பதினெட்டுப் பேரோடு கடல் கடந்து அந்நிய தேசம் சென்று, ஓர் இரவு தங்கித் திரும்பிய அடியேன், இன்றுவரை உள்ளூர்க்காரனாகவே பாவிக்கப்பட்டு வருகிறேன்.

அந்தப் பிள்ளைகள் முதலில் உத்தேசித்தது பனாமா. போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் தொடங்கிவைத்த உலக இளைஞர் தினம் 2019 ஜனவரியில் அங்கே நடக்கவிருந்தது. 1995இல் மணிலாவில் இதே விழாவுக்கு நாற்பது லட்சம் ஜனங்களுக்கு மேல் திரண்டதாகச் சொல்வார்கள். நாற்பது லட்சத்தோடு பதினெட்டைச் சேர்த்தால் கடவுளுக்கு என்ன சிரமம் என்பது அவர்களுடைய வாதம். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீடு வீடாகக் கேரல் பாடித் திரட்டிய உண்டியலை உடைத்து எண்ணியபோது, அதைக்கொண்டு ஒரே ஓர் ஆளை, அவனையும் பாதிக் கடல் வரையில்தான், அனுப்ப முடியும் என்று தெரிந்தது. அப்பொழுதுதான் என் சிநேகிதர், ஜோசப் கல்லூரியில் லூர்து மாதா கோவில் மணியோசையைக் கேட்டுக்கொண்டே என்னோடு கணிதத்தில் தவறியவர், தம் பேரனிடம் கச்சத்தீவைப் பற்றிப் பிரஸ்தாபித்தார்.

285 ஏக்கர் பரப்புள்ள, குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீரும் இல்லாத அத்தீவு, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இலங்கையைச் சேர்ந்தது. எனினும் அங்குள்ள அந்தோணியார் கோவிலுக்கு வரும் இந்திய யாத்திரிகர்களிடம் பாஸ்போர்ட்டோ விசாவோ கேட்கலாகாது என்பதும் அதே ஒப்பந்தத்தின் ஷரத்து. ராமேஸ்வரம் வரையில் ரயில், அப்பால் விசைப்படகு. கடிகாரத்தைத் திருப்பி வைக்கவேண்டிய அவசியங்கூட இல்லாத இத்தனை சௌகரியமான வெளிநாடு பூமண்டலத்தில் வேறொன்று இருக்குமோ, அறியேன். “பெரியவங்க ஒருத்தர் கூட வந்தாத்தான் அம்மா விடுவாங்களாம், தாத்தா,” என்றான் பேரன். சிநேகிதருக்கு முழங்கால் வலி. ஆகவே துணைக்குச் செல்லும் பாரம் என் தலையில் விழுந்தது.

அந்தோணியார் திருவிழாவில் ஐயங்காருக்கு என்ன ஜோலி என்று வீதியில் கேட்டார்கள். என்னிடம் பதில் இருந்தது. எங்கள் பெரிய பெருமாள், விபீஷணனோடு இலங்கைக்குப் புறப்பட்டவர். வழியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இறக்கிவைத்தார்கள், எழுந்திருக்க மறுத்துவிட்டார். பக்தனைச் சமாதானப்படுத்தத் தெற்கு நோக்கி இலங்கையைப் பார்த்தபடியே சயனித்திருக்கிறார். அந்தோணியாரோ லிஸ்பனில் பிறந்து, மொராக்கோவில் வேதம் போதிக்கப் புறப்பட்டு, நோயில் படுத்து, ஊர் திரும்பக் கப்பலேறி, காற்று அடித்த அடியில் சிசிலியில் கரையொதுங்கி, கடைசியில் பதுவைக்காரர் என்று பெயர் வாங்கியவர். நினைத்த ஊர் போய்ச் சேராத இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியராக இருக்க நியாயமில்லை. ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கும் திக்கில் இன்னொருவருக்குக் கோவில் இருக்கிறது, நான் நடுவில் போய்வரும் தபால்காரன். வீதி இதை ஒப்புக்கொள்ளவில்லை; மறுக்கவும் தெரியவில்லை.

விண்ணப்பத்தோடு, என்மேல் வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்று காவல் நிலையச் சான்று வேண்டியிருந்தது. அறுபத்தெட்டு வருஷம் வாழ்ந்தும் ஏட்டையாவுக்கு என் பெயரே தெரியாது என்பது அன்று வெளியாகி, ஒழுக்கமாக வாழ்ந்ததில் எனக்குச் சற்று மனஸ்தாபம் உண்டாயிற்று.

பாம்பன் பாலம் வரையில் ரயிலில் பாட்டுக்கும் கைத்தாளத்துக்கும் குறைவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, ராமேஸ்வரம் துறைமுகத்தில் சோதனைக்கு நின்றபோது, பதினெட்டுப் பேருடைய அனுமதிச் சீட்டுகளும் அடங்கிய உறையைக் காணோம். காணாமற்போன பொருளைக் கண்டெடுத்துத் தருவதில் கோடி அற்புதர் என்று கீர்த்தி பெற்றவரிடம் அத்தனை பேரும் ஏககாலத்தில் மன்றாட, உறை என் புளியோதரைத் தூக்குக்கு அடியில் எண்ணெய்க் கறையோடு பிரசன்னமாயிற்று. பையன்கள் புதுமை என்றார்கள். அதை அங்கே வைத்தவன் நானே என்பதை நான் சொல்லவில்லை. (கச்சத்தீவையே தொலைந்த பொருளாகக் கருதி மேடைதோறும் தேடுகிறவர்கள் ஏன் இன்னும் அந்தோணியாரிடம் விண்ணப்பிக்கவில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.)

பஞ்சகச்சத்தின்மேல் ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை மாட்டி, கண்ணாடியில்லாத குறையால் என் திவ்ய சொரூபத்தை நானே காணும் பாக்கியமின்றிப் படகில் அமர்ந்தேன். ஆழக் கடலில் முதல் அலை படகைத் தூக்கிப்போட்டதும் பாட்டு நின்றது. இரண்டாவது அலைக்குக் கிதார் வாசிக்கிறவன் கிதாரை என் மடியில் வைத்துவிட்டு விளிம்பைப் பிடித்துக் குனிந்தான். பிறகு வரிசையாகப் பதினேழு பேர். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் காரணம் ஆசாரமா, அன்று காலை ஒன்றும் சாப்பிடாததா என்று இப்போது ஆராய்வதில் பயனில்லை. படகோட்டி சிரிக்கவில்லை. முந்தின வருஷம் மீனவப் பிள்ளையொருவன் இந்தக் கடலில் சுடப்பட்டு இறந்ததால் திருவிழாவுக்கு இங்கிருந்து ஒரு படகும் போகவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் மீண்டும் சுக்கானைப் பார்த்துக்கொண்டார்.

தீவு என்பது முள் புதர், பவளக்கல், வெண்மணல், அவ்வளவே. 2016 டிசம்பரில் அபிஷேகமான புதுக்கோவில் நடுவில் நிற்க, சுற்றிலும் தார்ப்பாயும் சேலையும் கட்டிய நிழல்களில் இரு தேசத்து ஜனங்கள் குடியேறியிருந்தார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை, ஆகவே எல்லாருக்கும் சுத்தபோசனம். மீனும் இறைச்சியும் இன்றி, இளைஞர் குழு முழுவதும் ஒரு நாளைக்கு எங்கள் வீதிக்காரர்களாக மாறி, என் புளியோதரையை நோக்கிக் கண்களைச் செலுத்திய அந்தக் காட்சியில் என் உள்ளம் குளிர்ந்தது. பக்கத்து நிழலிலிருந்த நெடுந்தீவு அம்மாள் ஒருவர் ஒரு கவளத்தை வாயில் போட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் மென்று, “நல்ல வாசம், ஐயா, இதுக்கு என்ன போட்டனீங்கள்?” என்றார். வறுத்த வெந்தயப் பொடி என்றேன். பொடித்துக் கடைசியில் தூவ வேண்டும் என்ற நுட்பத்தையும் சொன்னேன். பதிலுக்குத் தாம் கொண்டுவந்திருந்த ராணி சந்தன சோப்பு இரண்டை என் கையில் திணித்தார். கச்சத்தீவுத் திருவிழாவில் சேலை இந்தப் பக்கத்திலிருந்தும் சோப்பும் தேங்காயெண்ணெயும் அந்தப் பக்கத்திலிருந்தும் கைமாறுவது பழைய வழக்கமாம். புளியோதரை கைமாறியது அன்றுதான் முதல் தடவை என்று நம்ப எனக்கு ஆசை.

மாலையில் கொடியேறியது, சிலுவைப்பாதை நடந்தது, இரவு தேர்ப்பவனியில் தமிழும் சிங்களமும் ஒரே இராகத்தில் கலந்து வந்தபோது, எங்கள் பதினெட்டுப் பேரும், கடல் பிடுங்கிக்கொண்ட குரலைத் திரும்பப் பெற்றுப் பாடினார்கள். தேரைப் பின்தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் நின்று அவர்கள் பாட்டைக் கேட்டார்கள். பனாமாவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. நான் மணலில் துண்டை விரித்துப் படுத்தேன். வடக்கே, வெகு தூரத்தில், தென்திசை நோக்கிக் கண்வளரும் ஒருவரின் பார்வை நேராக என்மேல் விழுகிறது என்ற கூச்சத்தில் காலை மடக்கிக்கொண்டேன். சனிக்கிழமை காலை திருப்பூசை முடிந்து படகேறினோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் தர்மபத்தினி கேட்ட முதல் கேள்வி: “அது சரி, பாஸ்போர்ட்டிலே முத்திரை குத்தினாளோ?”

“பாஸ்போர்ட்டே கேட்கலையே!”

“அப்போ அது என்ன வெளிநாடு? மண்ணச்சநல்லூர் போயிட்டு வந்தாப்பலதான்.”

நியூ ஜெர்ஸியிலிருந்து தொலைபேசியில் பேசிய என் மகனும் அதே தீர்ப்பைச் சற்று மரியாதையாகச் சொன்னான். ஷரத்தை எடுத்துக்காட்டினேன், எடுபடவில்லை. சோப்பு ஒன்று கரைந்துபோயிற்று. மற்றொன்று உறை பிரிக்காமல் அலமாரியில், வேஷ்டிகளுக்கு நடுவே இருக்கிறது. சந்தேகமுள்ளவர்கள் ராஜகோபுரத்துக்குள் நுழைந்து யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள்; எந்த நேரமும் வந்து மோந்து பார்த்துக்கொள்ளலாம்.